காவலுக்கு வந்தவர் காலி செய்ய மறுக்கிறார்: வீடு வாங்கியவர் என்ன செய்யலாம்?

கேள்வி: திருச்சி புறநகரில் 1,800 சதுர அடி மனையும் அதிலுள்ள பழைய ஓட்டு வீட்டையும் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய பவர் ஏஜென்ட்தான் பத்திரம் முடித்துக் கொடுத்தார். பின்கட்டில் காவலாளி குடும்பம் ஒன்று இருந்தது; ஒரு மாதத்தில் போய்விடுவார்கள் என்றார். இன்றுவரை போகவில்லை. "14 வருஷமா இருக்கேன், பெரிய ஐயா (விற்றவரின் காலமான தந்தை) இந்த இடத்தை எனக்கே வாய்வார்த்தையாக் குடுத்துட்டாரு, கரண்ட் பில்லும் ரேஷன் கார்டும் என் பேர்லதான் இருக்கு, 8 லட்சம் குடுத்தா போறேன்" என்கிறார் காவலாளி. மாதம் 2,000 வாடகை தருகிறேன், இருக்க விடுங்கள் என்றும் பேசிப் பார்க்கிறார். காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கரண்டைத் துண்டித்து, அவர்கள் ஊருக்குப் போகும் நேரம் பார்த்துப் பூட்டுப் போடு என்கிறார்கள் உறவினர்கள். 12 வருடம் தாண்டினால் இடம் அவருக்கே என்பது உண்மையா? நான் என்ன செய்ய வேண்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

முதலில், அந்த 2,000 ரூபாயை வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிக ஆபத்தான வரி அதுதான். இன்றைக்கு அவர், பழைய உரிமையாளரின் அனுமதியில் தங்கியிருந்து, அந்த அனுமதி முடிந்த பிறகும் வெளியேறாத ஆள். நீங்கள் ஒரு மாத வாடகை வாங்கினால் வாடகைதாரர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆதாரம் கிடைத்துவிடும். பிறகு 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா, சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா என்பதே தனி வழக்காகிவிடும். ரொக்கம் மட்டுமல்ல, ஜிபேயில் அவராகவே அனுப்பினாலும் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். "நீங்கள் வாடகைதாரர் அல்ல என்பதால் திருப்பி அனுப்புகிறேன்" என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள்.

எத்தனை வருடமாக இருக்கிறார் என்பதை விட, எந்த ஹோதாவில் உள்ளே வந்தார் என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். காவலாளியாக வந்தவர், வாடகைக்கு வந்தவர், ஒத்திக்கோ போக்கியத்துக்கோ பணம் கொடுத்து வந்தவர், கிரய ஒப்பந்தம் போட்டு வந்தவர், பூட்டை உடைத்து வந்தவர் என ஒவ்வொருவருக்கும் வழி வேறு, நீதிமன்றமும் வேறாகலாம். ஆகவே அவர் கையில் ஏதாவது தாள் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பெரிய ஐயாவிடம் ஒத்திப் பணம் கொடுத்திருந்தால், பதிவு செய்யாததாக இருந்தாலும், அந்தப் பணத்துக்குப் பதில் சொல்லாமல் வழக்கு நகராது. "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்லவும் முடியாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒருவர் நேரடியாகக் குடியிருக்கும் சொத்தை வாங்குபவர், குடியிருப்பவருக்கு அதில் என்ன உரிமை உண்டோ அதை அறிந்தே வாங்கியதாகக் கருதுகிறது. வில்லங்கச் சான்றில் வராத விஷயம் இது. வாங்கும் முன் ஒருமுறை வாசலில் நின்று விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

இனி 12 வருடக் கணக்கு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில், சுவாதீனம் (இடத்தைக் கையில் வைத்திருக்கும் நிலை) கேட்டு உரிமையாளர் வழக்குப் போட 12 ஆண்டு கெடு இருப்பது உண்மை (65-ஆம் இனம்). ஆனால் அந்தக் கடிகாரம் ஒருவர் குடியேறிய நாளில் ஓடத் தொடங்குவதில்லை. "இது உன் இடம் இல்லை, என் இடம்" என்று உரிமையாளருக்கு எதிராக, ஊரறிய, அவர் அறியும்படி அனுபவிக்கத் தொடங்கிய நாளில்தான் தொடங்கும். அனுமதியின் பேரில் இருப்பவர் 14 வருடம் இருந்தாலும் 40 வருடம் இருந்தாலும் அது எதிரிடை அனுபவம் ஆகாது. மரியா மார்கரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் இதைத் தெளிவாகச் சொன்னது: காவலாளியோ பணியாளரோ எவ்வளவு காலம் இருந்தாலும், இருந்ததனாலேயே அந்தச் சொத்தில் உரிமை வராது, உரிமையாளர் கேட்டதும் ஒப்படைக்க வேண்டும். நம் ஊர் வாய்மொழிச் சட்டத்தில் "12 வருஷம் இருந்தா சொந்தம்" என்பது வேரூன்றிவிட்டதால் எத்தனையோ பேர் தேவையில்லாமல் பயந்து லட்சக்கணக்கில் கொடுத்துவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர் உரிமை கோரிப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தப் பேச்சு என்றைக்குத் தொடங்கியது என்பது முக்கியம். பெரிய ஐயா இறந்ததிலிருந்தே வாரிசுகளை உள்ளே விடாமல் தடுத்துவந்தார் என்று நிரூபித்தால் கடிகாரம் அங்கிருந்து ஓடியிருக்கும். நீங்கள் வாங்கியதால் அது பூஜ்யத்துக்குத் திரும்பாது; விற்றவர் இழந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். தள்ளிப்போடக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வாய்மொழியாகக் கொடுத்தார் என்பது நிற்காது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு. (முஸ்லிம் தனிச்சட்டத்தில் வாய்மொழித் தானத்துக்கு விலக்கு உண்டு. கொடுத்ததாகச் சொல்லப்படுபவர் முஸ்லிமாக இருந்தால் தனியாக ஆராய வேண்டும்.) கரண்ட் பில்லும் ரேஷன் கார்டும் அங்கே வசிக்கிறார் என்பதைக் காட்டும். வசிப்பதை நாமே மறுக்கவில்லையே! அவை உரிமைச் சான்று ஆகா. மேலும், வாடகை தருகிறேன் என்று கேட்பதும், பணம் கொடுத்தால் போகிறேன் என்பதும், தன் சொந்த இடம் என்று நம்புகிறவர் பேசும் பேச்சல்ல. வாட்ஸ்அப்பில் அப்படி ஏதாவது அனுப்பியிருந்தால் அழித்துவிடாதீர்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அசல் கருவி கையில் இருந்தால் அது எளிது.

உறவினர்கள் சொல்லும் பூட்டு வைத்தியத்தை மறந்துவிடுங்கள். நிலைபெற்ற சுவாதீனத்தில் இருப்பவரை, உண்மையான உரிமையாளரே ஆனாலும், சட்டப்படியன்றி வெளியேற்றக் கூடாது என்பது ராமே கௌடா வழக்கில் (2004) உறுதிசெய்யப்பட்ட நெறி. மீறினால் என்ன ஆகும்? குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவின்படி, வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போடலாம். அதில் கிரயப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. யார் இருந்தார், யார் வெளியேற்றினார் என்பது மட்டும்தான் கேள்வி. தோற்றால் மேல்முறையீடு கிடையாது. உங்கள் பணத்தில் வாங்கிய வீட்டை, நீங்களே அமீனா (நீதிமன்ற ஊழியர்) முன்னிலையில் அவரிடம் திருப்பிக் கொடுக்கும் நிலை வரும். கூரை ஓட்டைப் பிரித்தாலோ பொருளை வெளியே வீசினாலோ கிரிமினல் வழக்கும் சேரும். இப்போது அனுதாபம் உங்கள் பக்கம் இருக்கிறது. அன்றைக்கு அது அவர் பக்கம் போய்விடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கரண்டைப் பிடுங்குவது, சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், செய்யத் தகாத காரியம்.

காவல் நிலையத்தில் சொன்னதில் பெரிய தவறில்லை. அனுமதியோடு வந்து தங்கியவர் விஷயத்தில் அத்துமீறல் வழக்குப் பதியத் தயங்குவார்கள். ஆனால் மிரட்டினாலோ, முன்கட்டின் பூட்டை உடைத்தாலோ, போலிப் பத்திரம் காட்டினாலோ கதை வேறு. அப்போது எழுத்துமூலம் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்கி வையுங்கள்.

இனி வேலை. பத்திரம் முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டதால், விற்றவருக்கு உங்கள் மேல் உள்ள அக்கறை நாளுக்கு நாள் குறையும். உங்கள் வழக்கின் உயிர்நாடியோ அவரிடம்தான் இருக்கிறது. காவலாளியை யார், எப்போது, என்ன சம்பளத்துக்கு வைத்தார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். சம்பளம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், மணியார்டர் ரசீது, "வாட்ச்மேனுக்குப் பணம் கொடுத்துவிடு" என்று பவர் ஏஜென்ட்டுக்கு அனுப்பிய செய்தி, அந்தக் குடும்பத்தை அறிந்த அக்கம்பக்கத்தார் என இந்த வாரமே திரட்டுங்கள். விற்றவர் பிறகு சாட்சி சொல்ல வேண்டிவரும். வெளிநாட்டில் இருப்பவரைக் காணொலி வழியே விசாரிக்க நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம், ஆனால் வர இணங்குகிறாரா என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு. விற்றவர் வாங்குபவரிடம் சுவாதீனத்தை ஒப்படைக்கக் கடமைப்பட்டவர் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. வில்லங்கம் வந்தால் நட்டம் ஈடுசெய்வேன் என்ற உறுதிமொழியும் உங்கள் பத்திரத்தில் அநேகமாக இருக்கும். அதைச் சுட்டிக்காட்டி அவருக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.

அப்படியே உங்கள் பத்திரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். பெரிய ஐயா இறந்துவிட்டதால், வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும், குறிப்பாகப் பெண்மக்கள், விற்பனையில் கையெழுத்திட்டார்களா? பவர் கொடுத்தவர் பத்திர நாளில் உயிரோடு இருந்தாரா? வெளிநாட்டில் எழுதிய பவருக்கு இங்கே முறைப்படி முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா? இதில் ஓட்டை இருந்தால் காவலாளியின் வக்கீல்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ். இது சம்பிரதாயத்துக்கு அனுப்பும் தாள் அல்ல. அவரை நீங்கள் யார் என்று சொல்கிறீர்களோ அதுதான் கடைசி வரை நிற்கும். "அத்துமீறி நுழைந்தவர்" என்று ஒரு இடத்திலும் "காவலாளி" என்று இன்னொரு இடத்திலும் எழுதினால் குறுக்கு விசாரணையில் அதை வைத்தே உங்களைக் கிழிப்பார்கள். இன்ன ஆண்டு காவல் பணிக்காக அனுமதிக்கப்பட்டார், பணி முடிந்தது, இன்ன தேதியில் சொத்து எனக்குக் கிரயமானது, பழைய அனுமதி என்னைக் கட்டுப்படுத்தாது (வசதியுரிமைச் சட்டம், 59-ஆம் பிரிவு), எஞ்சிய அனுமதி இருந்தால் அதையும் ரத்து செய்கிறேன், பொருட்களை எடுத்துக்கொண்டு 30 நாளில் ஒப்படைக்கவும் என்று நேராக எழுதச் சொல்லுங்கள். வெளியேற நியாயமான அவகாசம் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவு. ஒரு விஷயத்தை முன்கூட்டியே விசாரியுங்கள்: பின்கட்டில் அவர் சொந்தச் செலவில் நிரந்தரமாக ஏதாவது கட்டியிருக்கிறாரா? அனுமதியை நம்பி நிலையான கட்டுமானம் செய்தவரின் அனுமதியை ரத்து செய்ய முடியாது என்று 60-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. அங்குள்ள கழிவறை, சமையலறை போன்றவற்றுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதற்குப் பழைய உரிமையாளரிடம் கணக்கு இருந்தால் அந்த வாசல் அடைபடும்.

நோட்டீஸ் போகும் அதே நாளில் கேவியட் மனுவும் தாக்கல் செய்யுங்கள். நோட்டீஸ் கிடைத்ததும் அவர் செய்யக்கூடிய முதல் வேலை, உங்களுக்கு எதிராக உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்டு வழக்குப் போடுவதுதான். கேவியட் இருந்தால் உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு பிறக்காது. 90 நாள்தான் உயிர். அது முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும்.

30 நாளில் போகவில்லை என்றால் வழக்கு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். உங்கள் கிரயப் பத்திரத்தில் "இன்றே சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, நான் சுவாதீனத்தில் இருக்கிறேன், அவர் தொந்தரவு செய்யக்கூடாது என்று வெறும் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்பார்கள். நீதிமன்றக் கட்டணம் குறைவு என்பதால் இந்த ஆசை வரும். ஆனால் பின்கட்டில் அவர் இருப்பது நிரூபணமான நிமிடமே வழக்கு தோற்கும். சில வருடம் வீணாகியிருக்கும், "வாதி சுவாதீனத்தில் இல்லை" என்று ஒரு தீர்ப்பும் உங்களுக்கு எதிராக எழுதப்பட்டிருக்கும். உள்ளது உள்ளபடி கேளுங்கள்: பின்கட்டுக்கு உரிமை விளம்புகையும் (உரிமை உங்களுடையது என்ற அறிவிப்பு) சுவாதீனம் ஒப்படைப்பும், உங்கள் கையில் இருக்கும் முன்கட்டுக்கு உறுத்துக்கட்டளை, கிரய நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள் வரை இடத்தை அனுபவித்ததற்கு நட்ட ஈடு.

கட்டணக் கணக்கு இப்படி. தமிழ்நாட்டில் சுவாதீன வழக்குக்குச் சொத்தின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 2017-இல் குறைப்பதற்கு முன் இது 7.5 சதவீதம். முழுச் சொத்தும் 60 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 1,80,000 ரூபாய். அவர் பிடித்திருப்பது 400 சதுர அடியும் ஓர் அறையும்தான், மதிப்பு 12 லட்சம் என்றால் 36,000 ரூபாய். அதனால் வழக்குரையில் முழு மனையை 'அ' அட்டவணையாகவும், அவர் வசிக்கும் பகுதியை மட்டும் 'ஆ' அட்டவணையாகவும் பிரித்து, சுவாதீனமும் விளம்புகையும் 'ஆ'வுக்கு மட்டும் கேட்கலாம். விளம்புகையும் சுவாதீனமும் சேர்த்துக் கேட்பதால் கட்டணம் இரட்டிப்பாகாது.

அந்த 'ஆ' அட்டவணையை யாரோ எழுதித் தரட்டும் என்று விடாதீர்கள். சர்வேயரை வைத்து அளந்து, நான்கெல்லை, நீள அகலம், சர்வே எண், உட்பிரிவு, கதவிலக்கம், மின் இணைப்பு எண் வரை குறித்து, வரைபடம் இணையுங்கள். வென்ற பிறகு அமீனா வந்து நிற்கும்போது, எல்லை புரியவில்லை என்று தீர்ப்பாணை திரும்பிப் போவது இந்த அட்டவணையின் பிழையால்தான். வழக்கோடு வழக்கறிஞர் ஆணையர் (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர்) நியமனமும் கேளுங்கள். யார் சுவாதீனத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஆணையரை அனுப்ப மாட்டார்கள். கட்டுமானம், அளவு, நிலவரம் ஆகியவற்றைப் பதிவு செய்யத்தான் அனுப்புவார்கள். அதுவே போதும். பிறகு புதுச் சுவர் எழும்பினால் அது வழக்குக்குப் பின் எழுந்தது என்று தெரிந்துவிடும். குடும்பத்தில் வயதுவந்தோர் எல்லோரையும் பிரதிவாதிகளாகச் சேருங்கள். இல்லாவிட்டால் நிறைவேற்றும் நாளில் மச்சினர் ஒருவர் முளைத்து, "இது என் பகுதி" என்பார். அவர் ஆட்சேபத்தைத் தனியாக விசாரிக்க இன்னும் ஒரு வருடம் போகும்.

தீர்ப்பாணைக்குப் பிறகு நிறைவேற்று மனுவை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்குள் விசாரணையும் முதல் மேல்முறையீடும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

அதனால்தான் சமரசத்தை நான் தள்ளிவிடவில்லை. 8 லட்சம் கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் விசாரித்துப் பாருங்கள்: பல இடங்களில் இந்தக் கோரிக்கையின் அடியில் பல மாதச் சம்பள பாக்கி கிடக்கும். பெரிய ஐயா போன பிறகு சம்பளம் நின்றிருக்கலாம். "வீடு விற்றால் ஏதாவது செய்கிறேன்" என்று வாரிசு சொல்லியிருக்கலாம். அந்தப் பாக்கி விற்றவரின் பொறுப்பு. அவரைக் கூப்பிட்டுத் தீர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு வேறு வீட்டுக்கு முன்பணம், வண்டிச் செலவு, சில மாத வாடகை என்ற அளவில் ஒரு தொகை கொடுப்பது கட்டணத்தையும் காலத்தையும் கணக்கிட்டால் நட்டமில்லை. பிள்ளைகள் பள்ளியில் படித்தால் முழுப் பரீட்சை முடியும்வரை அவகாசம் கொடுங்கள். மறுத்துக்கொண்டே இருந்த பலர் இணங்குவது பணத்துக்காக அல்ல, இந்த அவகாசத்துக்காகத்தான்.

பேசி முடித்ததை வெறும் 100 ரூபாய் பத்திரத் தாளில் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அவர் மீறினால் அதை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வழக்குத்தான் போட வேண்டும். நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனு கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாட்டைப் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. சொன்ன தேதியில் போகவில்லை என்றால் நேரே நிறைவேற்று மனுதான். உடன்பாட்டில் தேதி, பகுதியின் அளவு, தொகை, "எனக்கோ என் குடும்பத்தாருக்கோ எந்த உரிமையும் இல்லை" என்ற வாசகம், எல்லோர் கையெழுத்தும் இருக்கட்டும்.

பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். வண்டி ஏற்ற ஒரு சிறு தொகை, மீதி முழுவதும் வங்கி வரைவோலையாக, சாவி கைமாறும் நேரத்தில். அதற்கு முன் ரேஷன் கார்டு முகவரி மாற்றத்துக்கு அவர் விண்ணப்பித்த ரசீதைக் கேளுங்கள். காலி அறைகளை அவரும் இருக்கும்படி படமெடுங்கள். அன்று மாலையே புதுப் பூட்டுப் போட்டு, அந்த இரவு உங்கள் ஆள் ஒருவர் அங்கே தங்கட்டும். மறுநாள் கிரயப் பத்திரத்தோடு மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் அந்த இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுங்கள். சொத்து வரியும் பட்டாவும் இன்னும் மாறவில்லை என்றால் அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.